துர்க்குவில் குழுச் சுற்றுலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்லாந்தின் துர்க்கு நகரத்துக்கு வரப்போகிறவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. வேலை விஷயமாக ஹெல்சிங்கி வந்து ஒரு நாள் கையில் மிச்சம் இருப்பவர்கள், இங்கே படிக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர், ஸ்டாக்ஹோமிலிருந்து கப்பலேறி வருகிறவர்கள் என்று கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள். அவரவர் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படித்தால் நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

துர்க்கு எங்கே இருக்கு? ஹெல்சிங்கியிலிருந்து எப்படிப் போறது?

நாட்டின் தென்மேற்கு மூலையில், ஔரா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. சுமார் 2 லட்சம் பேர் வாழும் ஊர். ஸ்வீடிஷ் மொழியில் ஓபு என்பார்கள். ரயிலிலும் சாலைப் பலகைகளிலும் இரண்டு பெயரும் இருக்கும். வேறு ஊரோ என்று குழம்ப வேண்டாம்.

ஹெல்சிங்கியிலிருந்து ரயிலில் சுமார் 2 மணி நேரம். பேருந்தும் அவ்வளவுதான், கொஞ்சம் கூடலாம். பேராலயப் பக்கம் போகிறவர்கள் துர்க்குவுக்கு முந்தைய நிறுத்தமான குபித்தாவிலேயே இறங்கிக்கொள்ளலாம், நடை குறையும். ஹெல்சிங்கி விமான நிலையத்திலிருந்து நேராக வருவதானால் பேருந்துதான் வசதி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் மாற வேண்டியதில்லை.

ஹெல்சிங்கியே பார்த்தாச்சு. துர்க்குவில் புதுசா என்ன இருக்கு?

ஹெல்சிங்கி புதிய தலைநகர். பின்லாந்தின் பழைய நகரம் துர்க்குதான். 1229-ஐ ஊரின் தொடக்க ஆண்டாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 2029-இல் 800 ஆண்டு நிறைகிறது. இங்குள்ள பேராலயம் 1300-இல் திருநிலைப்படுத்தப்பட்டது. கோட்டை அதற்கும் முந்தையது. நாட்டின் முதல் பல்கலைக்கழகம் 1640-இல் இங்கேதான் தொடங்கியது. ஸ்வீடனின் கையிலிருந்த பின்லாந்து 1809-இல் ரஷ்யப் பேரரசின் கீழ் வந்தது. ஸ்வீடனுக்கு இவ்வளவு பக்கத்தில் தலைநகர் இருப்பது ஜார் மன்னருக்குப் பிடிக்கவில்லை. 1812-இல் தலைநகர் ஹெல்சிங்கிக்குப் போனது.

இன்னொரு காரணமும் உண்டு. துர்க்குவுக்கு வெளியே ஆயிரக்கணக்கான தீவுகள் சிதறிக் கிடக்கும் கடல் இருக்கிறது. பாதி நாள் பழைய ஊர், பாதி நாள் கடல் என்று பிரித்துக்கொள்ளும் வசதி இங்கே உண்டு.

கைடட் டூர்னா பஸ்ல ஏத்தி ஊரெல்லாம் காட்டுவாங்களா?

பேருந்துச் சுற்றும் உண்டு, ஆனால் இந்த ஊரில் பெரும்பாலும் நடைதான். ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வழிகாட்டியோடு நடப்பது வழக்கம். இதில் இரண்டு வகை. முதலாவது பொதுச் சுற்று: குறித்த நாளில், குறித்த நேரத்தில், யார் வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்துச் சேர்ந்துகொள்ளலாம். இவை கோடையில்தான் அதிகம். இரண்டாவது, உங்கள் குழுவுக்கென்றே வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது. இது ஆண்டு முழுவதும் கிடைக்கும், முன்பதிவு வேண்டும்.

இவை தவிர கோட்டை, அருங்காட்சியகங்களுக்குள் அந்தந்த இடத்தாரே நடத்தும் சுற்றுகள், ஆற்றிலும் தீவுகளுக்கும் போகும் படகுப் பயணங்கள், சவுனா என்னும் வெந்நீராவிக் குளியல், காளான் பறிப்பு, சமையல் போன்ற உள்ளூர் அனுபவங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் கீழே பார்ப்போம்.

வழிகாட்டி அவசியமா? மேப் வெச்சு நாமே சுத்திக்கலாமே?

பாதி இடங்களுக்கு அவசியம், பாதிக்கு வேண்டவே வேண்டாம். எது எது என்று பிரித்துக்கொண்டால் காசும் மிஞ்சும், ஊரும் புரியும்.

துர்க்கு, பெரும்பகுதி எரிந்து போன ஊர். கண்ணுக்குத் தெரியும் தெருக்கள் பெரும்பாலும் 1827 தீக்குப் பிறகு வந்தவை. அதற்கு முந்தைய ஊர் மண்ணுக்கு அடியிலும், சில சுவர்களிலும், மனிதர்கள் சொல்லும் கதைகளிலும்தான் இருக்கிறது. அதனால் கோட்டை, பேராலயம், பழைய பெரிய சதுக்கம், பழைய மர வீடுகளே அருங்காட்சியகமான லுவோஸ்தரின்மாக்கி ஆகிய நான்கு இடங்களுக்கும் வழிகாட்டியோடு போவதே முறை என்பது என் உறுதியான கருத்து. தனியாகப் போனால் கல்லையும் மரத்தையும் படம் எடுத்துக்கொண்டு திரும்புவீர்கள். ஆற்றங்கரை, சந்தைக் கூடம், ருயிசலோ தீவின் ஓக் மரக் காடு, படகுத்துறை இவற்றுக்கெல்லாம் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. நடந்தால் போதும்.

கோட்டையில் அப்படி என்ன கதை?

1280 வாக்கில் ஸ்வீடன் ஆட்சியில் கட்டத் தொடங்கிய கோட்டை. அப்போது அது ஆற்று முகத்துவாரத்தில் ஒரு தீவில் இருந்தது. இன்று நான்கு பக்கமும் தரை. பனியுகத்தில் பனிப்பாறையின் எடையால் அமிழ்ந்த நிலம் இந்தக் கரையில் இன்னும் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டிருக்கிறது. கடல் விலகிப் போய்விட்டது. முற்றத்தில் நின்றுகொண்டு வழிகாட்டி இதைச் சொல்லும்போதுதான், இவ்வளவு பெரிய கோட்டை ஏன் இப்படித் தரையில் உட்கார்ந்திருக்கிறது என்பது விளங்கும்.

அடுத்தது அண்ணன் தம்பி கதை. ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் வாசாவின் மகன் யோஹான் 1556-இல் பின்லாந்தின் பிரபுவாகி இங்கே அரசவை நடத்தினார். 1562-இல் போலந்து இளவரசி கதரீனா யாகெல்லோனிகாவை மணந்து அழைத்து வந்தார். இந்த நாட்டுச் சாப்பாட்டு மேசைக்கு முள்கரண்டியைக் கொண்டுவந்தவர் அவர்தான் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அரியணையில் இருந்த அண்ணன் 14-ஆம் எரிக்குக்குச் சந்தேகம். அடுத்த ஆண்டே கோட்டையை முற்றுகையிட்டு இருவரையும் சிறைபிடித்துக் கொண்டுபோனார். ஐந்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழ். 1568-இல் தம்பி அண்ணனைக் கவிழ்த்தார், 1570-இல் எரிக் கைதியாக இதே கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அவரோடு சிறையிருந்தவர் மனைவி கரின். படைவீரன் ஒருவரின் மகளாகப் பிறந்து ஸ்வீடனின் அரசியானவர். அவருடைய கல்லறை ஆற்றின் மேல்பக்கம் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி, பேராலயத்தில் இருக்கிறது. கோட்டையில் கதை கேட்டுவிட்டு அன்றே பேராலயத்துக்கும் போய்விடுங்கள். அந்தக் கறுப்புக் கல்லறைக்கு முன்னால் நிற்கும்போது யார் முன் நிற்கிறோம் என்பது தெரிந்திருக்கும்.

ஒரு குறிப்பு: 1941-இல் சோவியத் குண்டுவீச்சில் கோட்டை தீப்பிடித்தது, சீரமைத்து முடிக்க 1961 ஆயிற்று. அதனால் எந்தச் சுவர் பழையது, எது மறுபடி கட்டியது என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். நல்ல வழிகாட்டிகள் இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார்கள்.

எல்லா வழிகாட்டியும் ஒரு தீ விபத்தைப் பத்தியே பேசறாங்களாமே, அது என்ன?

1827 செப்டம்பர் 4, இரவு. வறண்ட கோடை முடிந்து பலத்த காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம். மர வீடுகள் நெருக்கியடித்து நின்ற ஊரில் ஒரு வீட்டில் பிடித்த தீ ஆற்றைத் தாண்டிப் பரவியது. ஊர் ஆண்கள் பலர் தம்பெரே சந்தைக்குப் போயிருந்தார்கள். ஊரின் முக்கால் பங்கு அழிந்தது, 27 பேர் இறந்தார்கள். பேராலயத்தின் உட்புறம் கருகியது, பல்கலைக்கழக நூலகம் சாம்பலானது. பல்கலைக்கழகம் மறு ஆண்டே ஹெல்சிங்கிக்கு மாற்றப்பட்டது. தலைநகரும் போய், பல்கலைக்கழகமும் போய், ஊரும் எரிந்தது பதினைந்து பதினாறு ஆண்டுகளுக்குள். கட்டடக் கலைஞர் கார்ல் லுத்விக் எங்கெல் புது ஊருக்கு வரைபடம் போட்டார். அகலமான நேர் தெருக்கள், தீ தாவாதபடி இடைவெளி, வரிசையாக மரங்கள். இன்று நீங்கள் நடக்கும் நகர மையம் அவர் போட்டதுதான்.

தப்பியது ஊரின் ஓரத்தில் குன்றுக்குப் பின்னால் இருந்த லுவோஸ்தரின்மாக்கி. கொத்தனார், தச்சர், கூலிக்காரர் என்று காசில்லாதவர்கள் குடியிருந்த பகுதி. எங்கெலின் திட்டப்படி அதுவும் இடிக்கப்பட வேண்டியதுதான். இடிக்காமல் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். 1940-இல் கைத்தொழில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பல நாடுகளில் திறந்தவெளி அருங்காட்சியகம் என்றால் எங்கிருந்தோ வீடுகளைப் பெயர்த்து வந்து வைப்பார்கள். இங்கே ஒவ்வொரு வீடும் கட்டிய இடத்திலேயே நிற்கிறது.

உள்ளே போனால் குனிந்து நுழைய வேண்டிய வாசல்கள். ஒரே அறையில் அடுப்பு, கட்டில், தொழில். வெளிச்சம் வேண்டும் என்பதால் வேலைப் பலகை ஜன்னலோரம். சீப்பு செய்பவர், கடிகாரம் பழுதுபார்ப்பவர், கயிறு திரிப்பவர், அச்சுக்கோப்பவர் என்று வீட்டுக்கு ஒரு தொழில். ஆகஸ்டில் கைத்தொழில் நாட்கள் நடக்கும்போது வந்தால் இந்தப் பட்டறைகளில் ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்க்கலாம். துர்க்குவில் ஒரே ஒரு வழிகாட்டிச் சுற்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், என் சொல் இதற்குத்தான். கோட்டையில் அரசர்கள் கதை கேட்கலாம்; ஊர் எப்படி வாழ்ந்தது என்பது இங்கேதான் தெரியும்.

ஆத்தங்கரையில் என்ன பார்க்கணும்?

பேராலயத்தில் தொடங்கிக் கடலை நோக்கி நடந்தால் கோட்டை வரை போய்ச் சேரலாம். நடுவில் ஃபோரி என்று ஒரு சின்னப் படகு. 1904 முதல் ஆட்களையும் சைக்கிள்களையும் அக்கரைக்கு ஏற்றிப் போகிறது. கட்டணம் கிடையாது. முதலில் நீராவி, பிறகு டீசல், 2017 முதல் மின்சாரம். ஏறி இறங்க ஓரிரு நிமிடம்தான், இருந்தாலும் தவறவிடாதீர்கள். ஊர்க்காரர்கள் பால் வாங்கிக்கொண்டு, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, உங்கள் பக்கத்தில் நிற்பார்கள்.

இன்னும் கீழே போனால் மூன்று பாய்மரங்களோடு வெள்ளைக் கப்பல் சுவோமென் யோவுட்சென். 1902-இல் பிரான்சில் கட்டியது. 1930-களில் பின்லாந்துக் கடற்படையின் பயிற்சிக் கப்பலாக உலகம் சுற்றியது. கடல்சார் அருங்காட்சியகத்தின் டிக்கெட்டோடு ஏறிப் பார்க்க முடியுமா என்று வாசலில் கேளுங்கள். கோடையில்தான் உள்ளே விடுவார்கள்.

எந்த மாசம் வரலாம்?

ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. எல்லாச் சுற்றுகளும் படகுகளும் ஓடும் காலம் அதுதான். ஜூன் கடைசியில் பகல் ஏறக்குறைய 19 மணி நேரம் நீளும்.

இரண்டு எச்சரிக்கை. ஜூன் 19-க்கும் 26-க்கும் இடையில் வரும் நடுக்கோடைத் திருநாளில் ஊர் காலியாகிவிடும். எல்லோரும் தீவு வீடுகளுக்குப் போய்விடுவார்கள், கடைகளும் பல அருங்காட்சியகங்களும் மூடியிருக்கும். அடுத்தது ஜூலைத் தொடக்கம்: ருயிசலோவில் 1970 முதல் நடக்கும் ருயிஸ்ராக் இசை விழாவின்போது விடுதி அறை கிடைப்பது கடினம். அதே வாக்கில் பழைய சதுக்கத்தில் இடைக்காலச் சந்தையும் நடக்கும். அதைப் பார்க்க விரும்பினால் அறையை மாதங்களுக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

குளிர்காலத்தில வந்தா ஒண்டும் பார்க்க ஏலாதா?

பார்க்கலாம், வேறு ஊரைப் பார்ப்பீர்கள். டிசம்பரில் வெளிச்சம் 6 மணி நேரம்தான். தீவுப் படகுகள் பெரும்பாலும் இல்லை, லுவோஸ்தரின்மாக்கியும் ஆண்டு முழுக்கத் திறந்திருக்காது. பேராலயமும் கோட்டையும் சவுனாவும் இருக்கும். வட துருவ ஒளியை மனதில் வைத்து வராதீர்கள். இவ்வளவு தெற்கில் அது எப்போதாவதுதான் தெரியும். அதற்கு நாட்டின் வட கோடியிலுள்ள லாப்லாந்துக்குப் போக வேண்டும்.

டிசம்பர் 24 அன்று இங்கே இருந்தால் பகல் 12 மணிக்குள் பழைய பெரிய சதுக்கத்துக்கு வந்துவிடுங்கள். பேராலய மணி அடித்ததும் பிரிங்க்கலா மாளிகையின் மாடத்திலிருந்து கிறிஸ்துமஸ் அமைதிப் பிரகடனத்தை ஃபின்னிஷிலும் ஸ்வீடிஷிலும் வாசிப்பார்கள். இடைக்காலத்திலிருந்து வரும் வழக்கம். பழைய ஏடு 1827 தீயில் போனதால் நினைவிலிருந்து மறுபடி எழுதினார்கள். 1935 முதல் வானொலியில் நாடு முழுக்கக் கேட்கிறது. டிக்கெட் இல்லை, வழிகாட்டி தேவையில்லை. அன்று மதியத்துக்கு மேல் கடைகளும் உணவகங்களும் மூடத் தொடங்கிவிடும், சாப்பாட்டுக்கு முன்னாடியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

தீவுகளுக்குப் போகணும். ஒரே நாளில் முடியுமா?

முழு வட்டத்தையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். தீவுக்கூட்டச் சுற்றுப் பாதை சுமார் 250 கிலோமீட்டர். பராய்னென், நவுவோ, கொர்ப்போ, ஹோட்ஸ்கரி, இனியோ, குஸ்தவி, நாந்தலி என்று பாலங்களும் படகுகளும் மாறி மாறி வரும். காரில் இரண்டு நாள் வேண்டும், சைக்கிளில் அதைவிட அதிகம். வட்டத்தை மூடும் படகு கோடையில்தான் ஓடும்.

ஒரே நாள் என்றால் நவுவோ வரை போய்வாருங்கள். பேருந்தே மஞ்சள் நிறப் பெரிய படகில் ஏறிக் கடலைக் கடக்கும். சாலையின் தொடர்ச்சியாகக் கருதப்படுவதால் இந்த மஞ்சள் படகுகளுக்குக் கட்டணமில்லை, முன்பதிவும் இல்லை. தொலைவுத் தீவுகளுக்கிடையே ஓடும் சில கப்பல்களுக்கு மட்டும் டிக்கெட் உண்டு. கோடையில் வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் கார் வரிசை நீளும். அந்த நேரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒரே ஒரு தீவுன்னா எது?

செய்லி. 1600-களின் தொடக்கத்தில் தொழுநோயாளிகளை ஊரிலிருந்து பிரித்து இந்தத் தீவில் வைத்தார்கள். வந்தவர் யாரும் திரும்பியதில்லை என்பார்கள். கடைசித் தொழுநோயாளி 1785-இல் இறந்தார். பிறகு மனநோய் மருத்துவமனை, பின்னாளில் பெண்களுக்கு மட்டுமானது, 1962 வரை நடந்தது. அதற்குப் பின் துர்க்கு பல்கலைக்கழகத்தின் கடலாய்வு நிலையம். 1733-இல் கட்டிய வண்ணம் பூசாத மரத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. உள்ளே தொழுநோயாளிகளுக்கென்று தனியே தடுத்த இடத்தை இப்போதும் காணலாம்.

கோடையில் துர்க்கு ஆற்றங்கரையிலிருந்தே படகு போகும். கரையில் இறங்கினால் புல்வெளி, ஆடு மாடு, அமைதியான கடல். அந்த அழகை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் அங்கே வாழ்ந்து முடிந்தவர்களைப் பார்க்காமல் வந்ததாகிவிடும். வழிகாட்டி வேண்டிய இடங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைங்களோட வர்றோம். மூமின் வேர்ல்டுக்கு டூர் எடுக்கலாமா?

தேவையில்லை. மூமின் என்னும் சிறுவர் கதைப் பாத்திரங்களின் அந்தப் பூங்கா பக்கத்து ஊரான நாந்தலியில் இருக்கிறது, நகரப் பேருந்தே போகிறது. பூங்கா கோடையில் சில வாரங்கள்தான் திறந்திருக்கும். ராட்டினங்கள் இருக்காது, மூமின் வீடு, கதாபாத்திரங்கள், நாடகம், கடற்கரை என்று சின்னக் குழந்தைகளுக்கானது. பத்து வயதுக்கு மேலே என்றால் கோட்டையும் பாய்மரக் கப்பலும் அவர்களுக்கு அதிகம் பிடிக்கும்.

சவுனாவில் எல்லாரும் உடையில்லாமல் இருப்பாங்களாமே. நாங்க எப்படிப் போறது?

தயங்காமல் போகலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி சவுனா என்றால் உடையில்லாமல் இருப்பது வழக்கம். யாரும் யாரையும் கவனிப்பதில்லை, துண்டு சுற்றிக்கொண்டாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இருபாலரும் சேர்ந்து போகும் பொதுச் சவுனாவில் நீச்சலுடை. பதிவு செய்யும்போதே எந்த வகை என்று கேட்டுவிட்டால் சங்கடமே இல்லை.

முறை இதுதான். முதலில் நன்றாகக் குளிக்க வேண்டும், இது கட்டாயம். உட்காரச் சின்னத் துண்டோ விரிப்போ வைத்துக்கொள்ளுங்கள். மேல் படியில் சூடு அதிகம், 80 பாகைக்கு மேலும் போகும். முதல்முறை கீழ்ப் படியில் உட்காருங்கள். அடுப்புக் கல்லில் தண்ணீர் ஊற்றும் முன் மற்றவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பது மரியாதை. ஊற்றியதும் கண்ணுக்குத் தெரியாத வெந்நீராவி முதுகில் வந்து படியும், காது மடல் சுடும், குனிந்துகொண்டால் தணியும். தாங்கவில்லை என்றால் எழுந்து போய்விடலாம், எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பிறகு கடலில் ஒரு முழுக்கு, சற்று ஓய்வு, மறுபடி உள்ளே. ருயிசலோவின் சாரோனியெமிக் கரையில் இதைச் செய்யலாம். குளிர்காலத்தில் பனியை வெட்டிய நீரிலும் இறங்குவார்கள். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளாமல் அந்தக் குளிர்நீரில் இறங்க வேண்டாம்.

பின்லாந்தின் சவுனாப் பண்பாடு 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளூர் அனுபவம் என்று விற்கப்படுவதில் காசு கொடுத்துச் செய்ய வேண்டியது ஒன்று சொல்லுங்கள் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

நாங்க சைவம். உணவுச் சுற்றில் எங்களுக்கு என்ன கிடைக்கும்?

முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்துவிட்டால் கவலையில்லை. நேரில் போய்ச் சொன்னால் சாலட்டோடு முடிந்துவிடும். மீன் சாப்பிடுவதையும் சைவத்தில் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் இறைச்சி, மீன், முட்டை எது எது கூடாது என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். பட்டியலில் எல் என்ற குறி லாக்டோஸ் இல்லாதது, எம் பால் இல்லாதது, ஜி குளூட்டன் இல்லாதது; சைவத்துக்கு அவை குறியல்ல.

1896 முதல் இருக்கும் சந்தைக் கூடத்தில் தீவுப் பகுதியின் கறுப்பு ரொட்டி கிடைக்கும். மால்ட்டும் சர்க்கரைப் பாகும் சேர்ந்து லேசாக இனிக்கும், வெண்ணெய் தடவிச் சாப்பிட்டால் வயிறு நிறையும். கரேலியப் பணியாரத்தில் கம்புநிறமான, ரை என்னும் தானியத்தின் மாவு உறைக்குள் பாலில் வெந்த அரிசி இருக்கும். மேலே தடவித் தருவதில் முட்டை உண்டு, வேண்டாம் என்று சொல்லலாம். ஏலக்காய் மணக்கும் புல்லா ரொட்டி நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். வியாழக்கிழமைப் பட்டாணி சூப்பில் வழக்கமாகப் பன்றி இறைச்சி இருக்கும், கேட்காமல் எடுக்காதீர்கள். வார நாட்களில் 11 மணி முதல் 2 மணி வரை கிடைக்கும் மதிய பஃபேதான் வயிற்றுக்கும் பைக்கும் நல்லது.

காளான், பெர்ரி பறிக்கிற டூருக்கு ஏன் காசு? காட்டில் எல்லாரும் இலவசமாப் பறிக்கலாமாமே?

உண்மைதான். யாருடைய காடாக இருந்தாலும் நடக்கவும் பெர்ரியும் காளானும் பறிக்கவும் இந்த நாட்டில் எல்லோருக்கும் உரிமை உண்டு, வெளிநாட்டவர் உட்பட. வீட்டு முற்றத்துக்குள் நுழையக் கூடாது, உரிமையாளர் அனுமதியில்லாமல் தீ மூட்டக் கூடாது. ஜூலை கடைசியிலிருந்து நீல பெர்ரி, செப்டம்பரில் சிவப்பு லிங்கன்பெர்ரி. பெர்ரிக்கு வழிகாட்டி வேண்டாம்.

காளானுக்குக் கட்டாயம் வேண்டும். உயிரைப் பறிக்கும் காளான்கள் இதே காடுகளில் முளைக்கின்றன. படம் பார்த்துச் சொல்லும் செயலியை நம்பிச் சமைக்காதீர்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு இந்த ஒன்றுக்காகவே தகும்.

இங்கிலீஷ் போதுமா? அம்மாவுக்குத் தமிழ்தான் தெரியும்.

பொதுச் சுற்றுகள் ஃபின்னிஷ், ஸ்வீடிஷ், ஆங்கிலத்தில் நடக்கும். ஒவ்வொரு நாளும் எல்லா மொழியும் இருக்காது, டிக்கெட் எடுக்கும் முன் மொழியைப் பாருங்கள். அம்மாவுக்கு நீங்கள் தமிழில் சொல்ல வேண்டும் என்றால் பொதுச் சுற்று சரிவராது. வழிகாட்டி பேசும்போது பக்கத்தில் பேசுவதை இங்கே யாரும் விரும்ப மாட்டார்கள். தனிக் குழுவாக எடுத்து, நீங்கள் மொழிபெயர்க்கப் போவதை முன்கூட்டியே சொல்லுங்கள். வழிகாட்டி நிறுத்தி நிறுத்திச் சொல்வார். ஆனால் நேரம் இரட்டிப்பாகும், பாதி இடங்களை மட்டும் கேளுங்கள்.

நாங்க 12 பேர். பொதுச் சுற்று லாபமா, தனி வழிகாட்டியா?

தனி வழிகாட்டிக்கு வழக்கமாகக் குழுவுக்கு இவ்வளவு என்றுதான் கட்டணம், ஆளுக்கு இவ்வளவு என்று அல்ல. நடைச் சுற்றில் ஒருவருக்குச் சுமார் இருபத்தைந்து பேர் வரை வரலாம். 12 பேர் பங்கிட்டால் பெரும்பாலும் பொது டிக்கெட்டை ஒட்டியே வந்துவிடும். மேலே சொன்ன மொழி வசதியும் கிடைக்கும். இரண்டு மூன்று பேர் என்றால் பொதுச் சுற்றுதான்.

அருங்காட்சியக நுழைவுக் கட்டணம் இதில் சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். இந்த நாட்டில் நீண்ட நாள் இருக்கிறவர்கள் ஆண்டு முழுதும் செல்லும் அருங்காட்சியக அட்டை வாங்கிவிடலாம். கோட்டைக்கும் அது செல்லும். உள்ளே நடக்கும் வழிகாட்டிச் சுற்றுக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். டிப்ஸ் யாரும் எதிர்பார்ப்பதில்லை. பிடித்திருந்தால் நன்றி சொல்லுங்கள், எழுத்தில் ஒரு மதிப்புரை போடுங்கள், அவர்களுக்கு அது உதவும்.

அப்பாவுக்கு முட்டி வலி. எதை விடலாம்?

கோட்டையின் மேல் தளங்களை. சமமில்லாத கல் படிகள், குறுகிய ஏற்றம். கீழ்த் தளத்தையும் முற்றத்தையும் பார்த்துவிட்டு அப்பா காபிக் கடையில் உட்காரலாம். லுவோஸ்தரின்மாக்கியில் தரை மேடு பள்ளம், வாசல் உயரம் குறைவு. ஆற்றங்கரை சமதளம், வழியெங்கும் இருக்கைகள். ஃபோரியில் ஏறுவதும் எளிது. தனி வழிகாட்டி என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், படியில்லாத பாதையை அவரே வகுப்பார்.

வழிகாட்டி சொல்லிட்டு எங்களையே பார்த்துட்டு நிக்கிறார். கேள்வி கேட்டா தப்பா நினைப்பாங்களா?

கேட்பதற்காகத்தான் நிற்கிறார். இங்கே மௌனம் இறுக்கமல்ல, யோசிக்கக் கொடுக்கும் நேரம். ஒருவர் பேசி முடிக்கும் முன் இடையில் நுழைவதுதான் தவறாகப் படும். நேரம் மட்டும் கறார். 11 மணி என்றால் 11 மணிக்குக் கிளம்பிவிடுவார்கள், பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிடுங்கள். மழைக்காக நடைச் சுற்றை ரத்து செய்வதும் வழக்கமில்லை. குடையைவிட மழைச்சட்டை நல்லது, கடற்காற்றில் குடை நிற்காது.

ஒரே தடவை நுழையற ஷெங்கன் விசா. கப்பலில் ஸ்டாக்ஹோம் போயிட்டுத் திரும்ப முடியுமா?

முடியும். பின்லாந்து, ஸ்வீடன் இரண்டும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் வட்டாரத்துக்குள் இருப்பதால் நேரடிக் கப்பலில் போய்வருவது வெளியேறிய கணக்கில் சேராது. பாஸ்போர்ட்டைக் கட்டாயம் எடுத்துப்போங்கள், கப்பலேறும்போது அடையாளம் கேட்பார்கள். பயணம் சுமார் 11 மணி நேரம். பகல் கப்பலில் போனால் தீவுக்கூட்டத்துக்கு நடுவே மணிக்கணக்காகப் போவதை மேல்தளத்தில் நின்று பார்க்கலாம். தீவுகளுக்கென்று தனியே நாள் ஒதுக்க முடியாதவர்களுக்கு இது நல்ல வழி.

ஸ்டாக்ஹோமிலிருந்து விடிகாலையில் கப்பல் வந்திடுது. கோட்டை திறக்கவே இல்லையே, அதுவரைக்கும் என்ன பண்றது?

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கோட்டை என்பதால் எல்லோரும் அங்கே போய் நின்றுவிடுகிறார்கள். அருங்காட்சியகங்கள் 10 மணி வாக்கில்தான் திறக்கும். திங்கட்கிழமையானால் பல இடங்கள் திறக்கவே திறக்காது, பழைய கட்டடங்களில் பராமரிப்பு வேலையும் நடக்கலாம். கப்பலேறும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பூட்டறையில் வைத்துவிட்டு ஆற்றங்கரையோடு மேல்நோக்கி நடங்கள். ஃபோரி அதிகாலையிலேயே ஓடத் தொடங்கிவிடும், அக்கரை போய்க்கொள்ளலாம். சந்தைக் கூடம் திறந்ததும் காபியும் புல்லாவும். அங்கிருந்து பேராலயம், அதன் பக்கத்தில் பழைய சதுக்கம். முற்பகல் சுற்று இருந்தால் அதற்கு லுவோஸ்தரின்மாக்கியில் இருந்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேருந்தில் கோட்டைக்குத் திரும்பினால் மாலைக் கப்பலுக்கு அங்கிருந்தே நடந்து போய்விடலாம்.